உயிலா, லிவிங் டிரஸ்டா: அப்பாவின் வீட்டை விற்க ஒன்றரை ஆண்டு

என் தந்தை எழுதி வைத்த உயிலில் ஒரு குறையும் இல்லை. இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருந்தார்கள். வீடும் வங்கியில் இருந்த பணமும் எனக்கும் என் தம்பிக்கும் சரிபாதி என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருந்தது. எங்கள் இருவருக்கும் இடையே சண்டையில்லை. வேறு யாரும் உரிமை கோரி வரவுமில்லை. அப்படியிருந்தும் கலிஃபோர்னியாவில் அவர் விட்டுச் சென்ற ஒரே வீட்டை விற்றுப் பங்கிட்டுக்கொள்ள ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. வழக்கறிஞர் கட்டணமாக மட்டும் 26,000 டாலர் போயிற்று. "உயில் எழுதியாயிற்று, இனிக் கவலையில்லை" என்று இங்கே நிம்மதியாக இருக்கும் நம்மவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்லள். இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், இறந்தவரின் சொத்தை நீதிமன்றத்தின் வழியாகப் பங்கிடும் புரோபேட் என்னும் இந்த நடைமுறை இவ்வளவு பாடாய்ப் படுத்துவதில்லை என்பதால், வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்பா தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்காக வந்தவர். 1999ஆம் ஆண்டு 3,20,000 டாலருக்கு சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் வீடு வாங்கினார். அம்மா 2016இல் காலமான பிறகு, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அவரே ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனார். உயில் மட்டும் என்றால் சில நூறு டாலர். உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டின் பெயருக்கு மாற்றி, பின்னர் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் லிவிங் டிரஸ்ட் என்றால் ஏறத்தாழ 3,000 டாலர் என்று அந்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். "நாலு தாளுக்கு மூவாயிரம் டாலரா? டிரஸ்ட் எல்லாம் கோடீஸ்வரர்களுக்கு, கண்ணு. நமக்கு உயில் போதும்" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ட உலகம் பொள்ளாச்சி. தாத்தா எழுதிய உயிலையும் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கொண்டுபோய்க் கொடுத்துத் தோட்டத்தின் பட்டாவை அவரும் சித்தப்பாவும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கியாக வேண்டும் என்றிருந்த காலத்திலும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. உயில் இருந்தால் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அவருக்கு அங்கிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் அந்த நம்பிக்கை செல்லாது. குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சொத்து இருந்தால், உயில் இருந்தாலும் கோர்ட்டுதான், இல்லாவிட்டாலும் கோர்ட்டுதான். யாருக்கு என்ன சேர வேண்டும் என்பதை நீதிமன்றத்துக்குச் சொல்வதோடு உயிலின் வேலை முடிந்துவிடுகிறது.

2023இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறியது, வலக்கை விழுந்துவிட்டது. உயில் எழுதியபோதே எனக்கு ஒரு பவர் பத்திரமும் கொடுத்திருந்ததால், மருத்துவமனைக் கட்டணத்தையும் வீட்டுக்கடன் தவணையையும் அவருடைய கணக்கிலிருந்தே செலுத்த முடிந்தது. அதுவும் எளிதாக நடக்கவில்லை. பத்திரம் பழையது என்று வங்கியில் இழுத்தடித்தார்கள். தங்கள் படிவத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். சில மாதங்களில் அப்பா போய்விட்டார். அந்த நொடியே பவர் பத்திரமும் செத்துப்போனது. நேற்று வரை கையெழுத்திட்டுக்கொண்டிருந்த எனக்கு இன்று அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கக்கூட உரிமை இல்லை. உயிலில் என்னை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராக, நியமித்திருக்கிறாரே என்று காட்டினேன். "உயிலில் பெயர் இருந்தால் போதாது, கோர்ட்டு கொடுத்த லெட்டர்ஸ் வேண்டும்" என்றார் வங்கி அலுவலர். எக்ஸிகியூட்டராகச் செயல்பட நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரத்துக்கு அந்தப் பெயர். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்த வாரம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன். அவர் முதலில் சொன்னது, உயிலின் மூலப்பிரதியிலிருந்து ஸ்டேப்பிளர் பின்னைக் கழற்றி விடாதீர்கள் என்பது. நகல் எடுப்பதற்காகப் பின்னைக் கழற்றி மறுபடி குத்தினால் தாளில் இரட்டை ஓட்டை விழும். நடுவில் ஒரு பக்கத்தை மாற்றியிருப்பார்களோ என்ற கேள்விக்கு அது இடம் கொடுக்கும். இறந்த செய்தி தெரிந்து 30 நாட்களுக்குள் மூல உயிலை கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். நம்மில் பலர் மூல உயிலை இந்தியாவில் உள்ள பீரோவிலோ, இறந்தவர் பெயரில் மட்டும் இருக்கும் வங்கி லாக்கரிலோ வைத்திருக்கிறோம். இரண்டும் தொல்லைதான். எக்ஸிகியூட்டராக இருக்கப் போகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்; அவர் போய் எடுக்கக்கூடிய இடத்திலும் இருக்க வேண்டும்.

பிறகு, லெட்டர்ஸ் கேட்டு நீதிமன்றத்தில் மனு. மனுத்தாக்கல் கட்டணம் 435 டாலர்; முடிவில் பங்கீட்டுக்கு இன்னொரு மனு போடும்போது மறுபடியும் அதே தொகை. விசாரணைத் தேதி சில மாதங்கள் தள்ளிக் கிடைத்தது. அதற்குள் உள்ளூர்ச் செய்தித்தாளில் மூன்று முறை அறிவிப்பு வெளியிட வேண்டும். வாரிசுகள் அனைவருக்கும் அஞ்சலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தம்பிக்கு நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் அந்த நோட்டீஸ் கோயம்புத்தூரில் அவன் மாமனார் வீட்டு முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே சுப்பீரியர் கோர்ட்டு என்று கொட்டை எழுத்தில், கீழே என் பெயர் மனுதாரராக. அக்கா அமெரிக்காவில் தம்பி மேல் கேஸ் போட்டுவிட்டாள் என்று அந்தத் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று இரவெல்லாம் அழுதேன். உங்களுக்கும் இந்த நிலை வந்தால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே அதன் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இது வழக்கல்ல, சட்டப்படி எல்லா வாரிசுக்கும் போகும் அறிவிப்பு என்று வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

செய்தித்தாள் அறிவிப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. புரோபேட் கோப்பு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் உயிலைப் பார்க்கலாம், சொத்துப் பட்டியலைப் பார்க்கலாம். அறிவிப்பு வந்த வாரத்திலிருந்து, வீட்டை இருக்கிற நிலையிலேயே ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அஞ்சலட்டைகள் வந்து குவிந்தன. சில, கையால் எழுதியது போல அச்சிட்டவை. அப்பாவின் பெயரைச் சொல்லி இரங்கல் தெரிவித்துவிட்டு, அடுத்த வரியில் பேரத்தைத் தொடங்கின. காரியம் முடிந்த கையோடு அவற்றைப் பிரித்துப் படிக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவசரத்தில் இருப்பவர்களின் வீட்டைச் சந்தை விலைக்குக் கீழே தட்டிக்கொண்டு போவதுதான் அந்தத் தொழில் என்று பின்னர் வீட்டுத் தரகர் ஒருவர் விளக்கினார். எந்த அட்டைக்கும் பதில் எழுதாதீர்கள்.

நீதிமன்றம் லெட்டர்ஸ் கொடுக்கும்வரை வீடு யாருடையதும் அல்லாதது போலக் கிடந்தது. ஆனால் செலவு நிற்கவில்லை. 2,80,000 டாலர் வீட்டுக்கடன் பாக்கி இருந்தது. அதன் தவணை, சொத்து வரி, தண்ணீர், மின்சாரம், புல்வெட்டுகிறவர் என எல்லாவற்றையும் சான் டியேகோவில் இருந்த நாங்கள் எங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். இந்தச் செலவைப் பின்னர் சொத்திலிருந்து திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை கையில் ரொக்கம் வேண்டுமே. இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு நடுவே அது எங்களை நன்றாகவே அழுத்தியது. ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் போட்டு வைத்ததால் கடைசியில் எல்லாவற்றையும் பெற முடிந்தது. காப்பீடு இன்னொரு தலைவலி. ஆளில்லாத வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு முழுமையாகப் பொருந்தாது. 30 அல்லது 60 நாட்கள் காலியாக இருந்தால் சில சேதங்களுக்கு இழப்பீடு கிடையாது என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு விதி இருக்கும். காலி வீட்டுக்கென்று தனிப் பாலிசி எடுத்தபோது பிரீமியம் பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. சங்கடமான செலவுதான், ஆனால் மழைக்காலத்தில் குழாய் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கையில் அதைத் தவிர்த்திருக்க முடியாது என்று தோன்றுகிறது.

ஒருவழியாக லெட்டர்ஸ் கைக்கு வந்தது. கோர்ட்டு முத்திரை குத்திய எளிய படிவம்; அதற்காகவா இத்தனை மாதம் என்று இருந்தது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல வங்கிகள் கடந்த 60 நாட்களுக்குள் சான்றளிக்கப்பட்ட நகலைத்தான் ஏற்கும். மொத்தமாக ஒரு கட்டு நகல் வாங்கி வைத்தால் பாதி காலாவதியாகிவிடும்; தேவைப்படும்போது இரண்டு மூன்றாக வாங்குவதே மேல். இறப்புச் சான்றிதழை மட்டும் முதலிலேயே பத்துப் பிரதி வாங்கிவிடலாம்; அது வீணாகாது. லெட்டர்ஸ் வந்த பின் மாநிலம் நியமிக்கும் புரோபேட் ரெஃப்ரி வந்து வீட்டை 12,40,000 டாலர் என்று மதிப்பிட்டார். அவருக்கு மதிப்பில் 0.1 விழுக்காடு, அதாவது 1,240 டாலர். கடன்காரர்கள் யாராவது இருந்தால் முறையிட நான்கு மாத அவகாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் வீட்டை விற்க முடிந்தது. அதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் நீதிமன்ற அனுமதி கேட்காமல் செயல்படும் முழு அதிகாரத்தை எங்கள் வழக்கறிஞர் மனுவிலேயே கேட்டு வாங்கியிருந்தார். வரையறுக்கப்பட்ட அதிகாரம் மட்டும் கிடைத்திருந்தால், விற்பனையை நீதிமன்றத்தில் உறுதிசெய்ய வேண்டும். அங்கே வேறொருவர் கூடுதலாகக் கேட்டு ஏலத்தில் நுழையவும் முடியும். மனு போடும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இனிக் கட்டணத்துக்கு வருகிறேன், ஏனெனில் இதைத்தான் யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் புரோபேட் வழக்கறிஞரின் கட்டண உச்சவரம்பைச் சட்டமே வகுத்திருக்கிறது: சொத்து மதிப்பில் முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 விழுக்காடு, அடுத்த ஒரு லட்சத்துக்கு 3, அடுத்த எட்டு லட்சத்துக்கு 2, அதற்கு அடுத்த 90 லட்சத்துக்கு 1. வீடும் வங்கியில் இருந்த 60,000 டாலரும் சேர்த்து 13 லட்சம். கணக்கிட்டால் 4,000, 3,000, 16,000, 3,000, மொத்தம் 26,000. வயிறெரிய வைப்பது என்னவென்றால், இந்தக் கணக்கு மொத்த மதிப்பின் மேல் போடப்படுகிறது. 2,80,000 டாலர் கடன் இருந்ததே, அதைக் கழிக்கவில்லை. கையில் ஒரு காசு மிச்சமில்லாமல் கடனில் மூழ்கிய வீட்டுக்கும் இதே கணக்குதான். எக்ஸிகியூட்டருக்கும் இதே அளவு கட்டணம் பெற உரிமை உண்டு. நான் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பரம்பரையாக வரும் பங்கு எனக்கு வருமானம் ஆகாது, ஆனால் எக்ஸிகியூட்டர் கட்டணம் வருமான வரிக்கு உட்பட்டது என்பது ஒரு காரணம். தம்பிக்குச் சேர வேண்டியதில் கைவைத்தேன் என்ற பேச்சு வேண்டாம் என்பது இன்னொரு காரணம். அவ்வளவு பாடுபட்டும் அதை எடுக்காமல் விட்டது நியாயமா என்று என் கணவர் கேட்டார். இன்றும் எனக்குத் திட்டவட்டமாகப் பதில் தெரியவில்லை.

தம்பியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் நல்லவன். ஆனால் மாதங்கள் ஓட ஓட, "அக்கா, இன்னும் எத்தனை நாளாகும்? இங்க எல்லாரும் கேக்கறாங்க" என்று அவன் கேட்கும் தொனி மாறிக்கொண்டே வந்தது. வீட்டை நான் அமுக்கிக்கொண்டேன் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பேச்சில் விளக்கி விளக்கி அலுத்துப்போய், வழக்கறிஞர் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அவனுக்கும் நகலாகப் போட ஏற்பாடு செய்தேன். அதன் பிறகுதான் அந்தத் தொனி தணிந்தது. உங்கள் வீட்டிலும் உடன்பிறந்தவர்கள் கடல் கடந்து இருந்தால் இதை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்.

இதே காலத்தில் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என் தோழியின் தாயார் காலமானார். அவர் லிவிங் டிரஸ்ட் எழுதி, வீட்டையும் அதன் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார். அவருக்குப் பின் டிரஸ்டை நிர்வகிக்க வேண்டிய அடுத்த டிரஸ்டி, தோழி. தாயார் இறந்ததற்கான உறுதிமொழிப் பத்திரத்தைக் கவுண்டி பதிவு அலுவலகத்தில் பதிந்தாள். டிரஸ்டின் சுருக்கச் சான்றை வங்கியில் காட்டினாள். டிரஸ்டுக்கு ஒரு வரி எண் வாங்கினாள். 60 நாட்களுக்குள் வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் சட்டப்படியான அறிவிப்பு அனுப்பினாள். அவர்கள் ஆட்சேபிக்க இருக்கும் 120 நாட்கள் கழிந்த பின் பணத்தைப் பங்கிட்டாள். நீதிபதி இல்லை, செய்தித்தாள் இல்லை, அஞ்சலட்டை இல்லை. வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் டாலரோடு முடிந்தது. அவளுக்கும் வேலை இருந்தது. டிரஸ்ட் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வேலையை அவள் மறுவாரமே தொடங்க முடிந்தது, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அந்த அம்மா கடைசி ஓராண்டு மறதி நோயோடு இருந்தபோதே, டிரஸ்டியாகத் தோழி பொறுப்பேற்று வீட்டுச் செலவைக் கவனித்துக்கொண்டாள். உயிலோ, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வெறும் தாள். அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் அது எங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

டிரஸ்டைப் பற்றிய மயக்கங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதியவர்களைக் கூட்டி வைத்து மதிய உணவு போட்டு, எல்லாருக்கும் ஒரே அச்சில் டிரஸ்ட் விற்பவர்கள் இங்கே உண்டு. உயிரோடு இருக்கும்போது நாமே மாற்றவும் ரத்து செய்யவும் கூடிய லிவிங் டிரஸ்ட் ஒரு பைசா வருமான வரியைக்கூடக் குறைக்காது, கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றாது. பெற்றோர் வீடு பிள்ளைகளுக்கு வரும்போது சொத்து வரி உயர்வதையும் தடுக்காது. 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வாக்காளர்கள் ஏற்ற 19ஆவது முன்மொழிவுக்கு (Prop 19) பின், அந்த வீட்டில் பிள்ளை தானே குடியேறினால்தான் பழைய வரி மதிப்பில் சலுகை, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இதில் உயிலுக்கும் டிரஸ்டுக்கும் வேறுபாடில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது, வீட்டுப் பத்திரத்தை டிரஸ்டியின் பெயருக்கு மாற்றிப் பதிய வேண்டும். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரின் மாமனார் அதைச் செய்துதான் இருந்தார். பிறகு வட்டி குறைந்ததென்று ரீஃபைனான்ஸ் செய்தபோது, அதாவது பழைய வீட்டுக்கடனைப் புதுக் கடனாக மாற்றியபோது, கடன் கொடுத்தவர்கள் வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுத்துத் தனிப்பெயரில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். புதுக் கடன் கிடைத்ததும் வீட்டைத் திரும்ப டிரஸ்டுக்குள் வைக்க யாரும் நினைவூட்டவில்லை. அவர் இறந்தபோது டிரஸ்ட் காலிப் பெட்டி. டிரஸ்டின் இணைப்புப் பட்டியலில் வீட்டின் விவரம் இருந்ததால் நீதிமன்றத்தில் ஒரு தனி மனு போட்டு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 1993இல் ஹெக்ஸ்டாட் என்பவரது சொத்து வழக்கில் வந்த தீர்ப்பு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. முழு புரோபேட்டைவிட அது பரவாயில்லை என்றாலும், கோர்ட்டைத் தவிர்க்கக் கொடுத்த பணம் கோர்ட்டுக்கே போனது. வீட்டை ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் கவுண்டியில் பதிவாகியுள்ள கடைசிப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் டிரஸ்ட் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் இளம் தம்பதிக்கு, சொத்தெல்லாம் 401கே என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் இருந்தால், அவற்றுக்குப் பயனாளி பெயரைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஓர் உயில் எழுதினால் போதும். பயனாளி பெயர் உள்ள கணக்கு உயிலையும் பார்க்காது, டிரஸ்டையும் பார்க்காது, நேராக அவருக்குப் போய்விடும். அதனாலேயே திருமணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் அதைத் திருத்த வேண்டும். சாதாரண வங்கிக் கணக்குக்கும் இப்படிப் பயனாளியைக் குறிக்கலாம், கட்டணம் கிடையாது. அப்பா அந்த ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் 60,000 டாலர் எங்கள் கைக்கு அந்த மாதமே வந்திருக்கும், தவணைக்கு எங்கள் சேமிப்பைத் தொட வேண்டியிருந்திருக்காது. சிறு சொத்துக்கு முழு புரோபேட் தேவையில்லை. அந்த வரம்பு அப்பா இறந்தபோது 1,84,500 டாலராக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் நேரும் இறப்புகளுக்கு 2,08,850. அதே தேதியிலிருந்து, இறந்தவர் குடியிருந்த வீட்டின் மதிப்பு 7,50,000 டாலருக்குள் இருந்தால் சுருக்கமான மனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரெஸ்னோ பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. பே ஏரியாவில் அந்த விலைக்குத் தனி வீடு கிடைப்பதே அரிது. கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் எல்லாவற்றையும் விட்டுச் செல்லும்போதும் எளிய மனு இருக்கிறது. ஆனால் பின்னவரும் போகும்போது பிள்ளைகள் எங்கள் நிலைக்குத்தான் வந்து சேருவார்கள்.

செலவில்லாத குறுக்கு வழி என்று நம்மவர்கள் செய்வது, பிள்ளையின் பெயரை இப்போதே வீட்டுப் பத்திரத்தில் சேர்ப்பது. ஊரில் தான செட்டில்மெண்ட் எழுதிப் பழகியதால் இது இயல்பாகத் தோன்றுகிறது. இங்கே அதற்கு வரி விலை உண்டு. இறப்புக்குப் பின் வரும் சொத்துக்கு, இறந்த நாளின் சந்தை மதிப்பே, வரிக்கான லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடக்க விலை. 3,20,000 டாலருக்கு வாங்கிய வீட்டை நாங்கள் 12,40,000 டாலரையொட்டி விற்றபோது மூலதன ஆதாய வரி ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே பாதியை எனக்கு எழுதித் தந்திருந்தால், அந்தப் பாதிக்கு அப்பாவின் பழைய அடக்க விலையே என் தலையில் விழுந்திருக்கும். பிள்ளைக்கு விவாகரத்தோ கடனோ வந்தால் பெற்றோரின் வீடும் அதில் மாட்டிக்கொள்ளும் என்பது வேறு.

நானும் என் கணவரும் கடந்த ஆண்டு எங்கள் டிரஸ்டை எழுதி முடித்தோம்; 3,500 டாலர் ஆயிற்று. அதில் டிரஸ்டில் சேராமல் விட்டுப்போனவற்றை அதற்குள் கொண்டுசேர்க்கும் உயில், பவர் பத்திரங்கள், சிகிச்சை பற்றி முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம், வீட்டுப் பத்திர மாற்றம் எல்லாம் அடங்கும். வீட்டுப் பத்திர மாற்றமும் பதிவும் அந்தக் கட்டணத்தில் சேருமா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். சேராது என்று சொல்பவரிடம் போக வேண்டாம் என்பது என் கருத்து. சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு டிரஸ்ட் இருந்தாலும் உயில் வேண்டும், ஏனெனில் பிள்ளைகளின் காப்பாளரை வழக்கமாக உயிலில்தான் குறிப்பிடுவார்கள். அடுத்த டிரஸ்டியாக என் தம்பியைப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். வழக்கறிஞர் தடுத்துவிட்டார். அமெரிக்க வரிச் சட்டத்தின் கண்ணில் அமெரிக்கர் அல்லாத ஒருவர் டிரஸ்டின் முடிவுகளைத் தம் கையில் வைத்திருந்தால் அது வெளிநாட்டு டிரஸ்டாகிவிடும். அதற்கான படிவங்களும் அபராதங்களும் தனி உலகம். இங்கே வசிக்கும் என் நாத்தனாரைப் போட்டோம். தம்பியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் போட்டோம்.

கடைசியாக இந்தியச் சொத்து. பொள்ளாச்சித் தோட்டத்தில் அப்பாவின் பங்குக்கு அவர் ஊரில் தனியாக ஓர் உயில் எழுதிப் பதிந்திருந்தார். அது இங்கே எழுதியதற்கு முந்தியது. இங்கே எழுதிய உயிலின் முதல் பத்தியில், வழக்கமாக எல்லா உயிலிலும் இருப்பது போல, "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் இதனால் ரத்து செய்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. இந்தியாவில் இருந்த உயிலும் அதனால் செல்லாமல் போகிறதா என்ற கேள்வியைச் சித்தப்பா மகன் எழுப்பினான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. இரண்டு நாட்டிலும் சொத்து உள்ளவர்கள் இரண்டு நாட்டுக்கும் தனித்தனி உயில் எழுதுவது நல்லது. ஒவ்வொன்றிலும் எந்த நாட்டுச் சொத்துக்கானது என்றும், மற்ற நாட்டு உயிலை இது ரத்து செய்யவில்லை என்றும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். இந்திய நிலத்தை அமெரிக்க டிரஸ்டுக்குள் கொண்டுவரப் பார்க்க வேண்டாம். எங்கள் புதிய பத்திரங்களில், முந்தைய உயில்களையெல்லாம் ரத்து செய்யும் அந்த வரியை வழக்கறிஞர் அச்செடுத்து வைத்திருந்தபடியே விட்டிருந்தார். நான் பேனாவால் வட்டமிட்டுக் காட்டிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்.